இரும்புப் பெட்டிக்குள்ள ஒரு பத்திரம்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு நீளமான பதிவு. டீயோ காப்பியோ கையில எடுத்துட்டு வந்து உக்காந்துக்கங்க. எந்தக் கட்சி பெரிசுன்னு சண்டை போட வர்றவங்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு. இதுல ரெண்டு பக்கத்துக்கும் பாராட்டு இருக்கு, ரெண்டு பக்கத்துக்கும் குட்டும் இருக்கு.

போன தடவை ஊருக்குப் போனப்போ, வெண்ணந்தூர்ப் பக்கம் இருக்கற எங்க சின்னம்மா வீட்டுல பரண் மேல இருந்த இரும்புப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னாங்க. ஓட்டைப் பிரிச்சுட்டு தார்சு போடப் போறாங்க, அதான் காலி பண்ற வேலை. பெட்டிக்குள்ள வழக்கமான சாமானுங்கதான். பழைய ரேஷன் கார்டு, சித்தப்பாவோட தறிக் கணக்கு நோட்டு, யாருக்கோ எடுத்து யாரும் கட்டாத ஒரு பட்டுச்சேலை. அதுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள மஞ்சளடிச்சுப் போன ஜெராக்ஸ் காயிதம் ரெண்டு. பெரியவ பேருல ஒண்ணு, சின்னவ பேருல ஒண்ணு. ஆளுக்கு 15,200 ரூபாய்.

நான் பழைய பேப்பரோட சேர்த்துக் கட்டப் போனேன். சின்னம்மா உள்ள இருந்து ஓடியாந்து, "ஏங்கண்ணு, அதை மட்டும் போட்றாதே. அது எங்க மாமியா வாயை அடைச்ச காயிதம்" அப்படின்னாங்க.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. அது என்ன காயிதம், எங்கிருந்து கிளம்புச்சு, ஏன் எங்க மாவட்டத்துல கிளம்புச்சுன்னு தேடிப் படிச்சதை எழுதி வைக்கறேன்.

கதை 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல ஆரம்பிக்குது. அப்போ நாமக்கல்னு தனி மாவட்டம் கிடையாது. 1997 ஜனவரி 1ஆம் தேதிதான் பிரிச்சாங்க. அதுக்கு முன்னாடி ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி எல்லாம் சேலம்தான். அந்தப் பெரிய சேலம் மாவட்டத்துல 6 வயசு வரைக்குமான குழந்தைங்களை எண்ணுனா, 1000 பையனுக்கு 849 பொண்ணுதான் இருந்தாங்க. தமிழ்நாடு முழுக்க எடுத்தா 948. மாநிலத்தோட ஒப்பிட்டாலே ஆயிரத்துக்கு நூறு பொண்ணுங்க காணோம்! நாட்டுலயே ரொம்ப மோசமான எண்கள்ல ஒண்ணு அது. மாம்பழத்துக்கும் இரும்பாலைக்கும் பேரெடுத்த ஊருக்கு இப்படியும் ஒரு பேரு.

பெண் சிசுக்கொலைன்னா வெளியூர்க்காரங்களுக்கு உசிலம்பட்டிதான் ஞாபகம் வரும். 1986ல ஒரு ஆங்கிலப் பத்திரிகை உசிலம்பட்டியைப் பத்தி அட்டைப்படக் கட்டுரை போட்டதும், 1994ல பாரதிராஜா 'கருத்தம்மா' எடுத்ததும் காரணம். ஆனா ஓமலூர், எடப்பாடி, மேச்சேரிப் பக்கம் நடந்ததைப் படமா எடுக்க யாரும் வரலை. எங்க ஊர்ப் பெருசுங்க கிட்ட கேட்டா "அதெல்லாம் அந்தக் காலத்துல, அந்தப் பக்கம்" அப்படின்னு கையை மேற்கால நீட்டுவாங்க. மேற்கால போய்க் கேட்டா அவங்க வடக்கால நீட்டுவாங்க. தருமபுரிக்காரங்க எந்தப் பக்கம் நீட்டுவாங்கன்னு தெரியலை.

அரசாங்க ரெக்கார்டுலயே இது வேற பேருல இருந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டுல குழந்தை இறப்புக்குக் காரணம் எழுதற கட்டத்துல, கிராம சுகாதார நர்சுங்க 'சமூகக் காரணம்'னு எழுதுவாங்களாம். காய்ச்சல் இல்ல, எடைக்குறைவு இல்ல, சமூகக் காரணம். ஷீலா ராணி சுங்கத்தும் வெ.பா. ஆத்ரேயாவும் அந்த 1995 வருஷப் பதிவேடுகளை மாநிலம் முழுக்கச் சேர்த்து எண்ணி, 1997ல கட்டுரை எழுதினாங்க. ஒரே வருஷத்துல ஏறத்தாழ 3000 குழந்தைங்க அந்தக் கட்டத்துல இருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, அந்த நர்சம்மா அதே ஊருல அடுத்த நாளும் சைக்கிள்ல போகணும். உண்மையையும் எழுதணும், ஊரையும் பகைச்சுக்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல கண்டுபிடிச்ச வார்த்தை அது.

சரி, ஏன் சேலம்? வறுமைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டுப் போறவங்க உண்டு. எனக்கு அது ஒத்துக்கலை. இந்தப் பக்கம் சோத்துக்கு இல்லாத சனங்க மட்டும் செஞ்ச காரியம் இல்ல இது. மேட்டூர் அணை 1934ல வந்துச்சு, அப்புறம் கிணத்துக்கு கரண்டு மோட்டார் வந்துச்சு, குச்சிக்கிழங்கு வந்துச்சு, சேகோ மில்லு வந்துச்சு, விசைத்தறி வந்துச்சு. கையில காசு பொழங்கப் பொழங்க வரதட்சணையும் ஏறுச்சு. முன்னாடி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணுக்குப் போட்டுக் கூட்டிட்டுப் போன வீடுங்கள்லயே பொண்ணு வீட்டுக்காரங்க பவுனு, வண்டி, கரும்புக்காடுன்னு எழுதிக் கொடுக்கற நிலைமை ஆச்சு. கூடவே 'ஒண்ணு ரெண்டோட நிறுத்து'ங்கற குடும்பக் கட்டுப்பாடும் இந்தப் பக்கம் சீக்கிரமே பிடிச்சுக்கிச்சு. ஆறு பிள்ளை பெத்த காலத்துல மூணு பொண்ணு பொறந்தா மூணு பையன் பொறப்பான். ரெண்டோட நிறுத்தணும், அதுல ஒண்ணு பையனா இருக்கணும்னு முடிவு பண்ணிட்டா கணக்கு எங்க போய் இடிக்கும்? பொண்ணு மேலதான்.

இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால தேவைப்படும்.

1992ல ஜெயலலிதா அரசு ரெண்டு திட்டம் கொண்டு வந்துச்சு. ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்ச தொட்டில் குழந்தைத் திட்டம். அது சேலம் மாவட்டத்துலதான் முதல்ல ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரி, சுகாதார நிலையம் மாதிரி இடங்கள்ல தொட்டில் வச்சாங்க. வேண்டாம்னா கொல்லாதீங்க, இங்க போட்டுட்டுப் போங்க, கேள்வி கேக்க மாட்டோம்னு அர்த்தம். 'அரசாங்கமே பொண்ணை வேண்டாம்னு சொல்ல வழி பண்ணிக் கொடுக்குதா'ன்னு பெண்கள் அமைப்புகள் கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். ஆனா அந்தத் தொட்டில்ல கிடந்து வளந்த ஒரு பொண்ணு கிட்ட போய் இந்த விவாதத்தை நடத்த எனக்குத் தைரியம் இல்லை. 2001ல அதை நாமக்கல், ஈரோடு, தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல்லுக்கும் கொண்டு போனாங்க.

ரெண்டாவது, அவ்வளவாப் பேசப்படாதது: பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். நம்ம இரும்புப் பெட்டிக் காயிதம் இதோடதுதான். பையன் இல்லாம பொண்ணோட நிறுத்திக்கற ஏழைக் குடும்பத்துக்கு, அந்தப் பொண்ணு பேருல அரசாங்கம் பணம் போட்டு வைக்கும். 2001ல திருத்தி அமைச்சப்போ, ஒரே பொண்ணுன்னா 22,200 ரூபாய், ரெண்டு பொண்ணுன்னா ஆளுக்கு 15,200. (2011 ஆகஸ்ட்ல இதை 50,000, 25,000னு ஏத்துனாங்க.) ஆறாவது வருஷத்துல இருந்து படிப்புச் செலவுக்கு வருஷத்துக்கு 1800. பொண்ணுக்கு 18 முடிஞ்சு, பத்தாவது பரீட்சையும் எழுதியிருந்தா முழுப் பணமும் வட்டியோட கையில வரும்.

பணத்தைப் போட்ட இடம் தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனம். பொட்டப் புள்ளைக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் முதல்ல சிரிப்பு வந்துச்சு. அது அரசாங்கத்தோட சொந்த நிதி நிறுவனம், வங்கியை விட வட்டி கூடக் கொடுக்கும், அரசாங்கப் பணம் அரசாங்கத்துக்கிட்டயே சுத்தும். அவ்வளவுதான் ரகசியம். ஆக எங்க தங்கச்சிங்க பேருல இருந்த பணம் பதினஞ்சு வருஷம் ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒத்தாசை பண்ணிட்டு இருந்திருக்கு. (அப்படியும் கரண்டு கட்டு ஆனதுக்கு யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலை!)

நிபந்தனையோட பணம் கொடுக்கற திட்டம்னு பேச்சு வந்தாலே பொருளாதார ஆளுங்க மெக்சிகோவையும் பிரேசிலையும் இழுப்பாங்க. பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பு, ஊசி போடு, மாசம் இவ்வளவு தர்றேங்கற ஏற்பாடு. பிரேசில்ல காம்பினாஸ், பிரேசிலியா நகரங்கள் ஆரம்பிச்சது 1995. மெக்சிகோவோட 'புரோகிரேசா' 1997. நம்ம நாட்டுலயே ஹரியானா 'அப்னி பேட்டி அப்னா தன்' கொண்டு வந்தது 1994. நம்மளோடது 1992. சேலத்துக் கணக்கைப் பாத்துப் பயந்துபோய் செஞ்ச காரியம், உலகத்துல பலருக்கு முந்தி. ஆனா இதுல ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. மெக்சிகோக்காரன் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அம்மா கையில காசைக் கொடுத்தான். அதுலயும் மேல்வகுப்புக்குப் போற பொண்ணுக்குக் கூடக் கொடுத்தான். நாம 18 வருஷம் கழிச்சுத் தர்றேன்னு காயிதம் கொடுத்தோம்.

நான் சொல்ல வர்றது இதைத்தான். எவ்வளவு கொடுக்கறோங்கறதைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, எப்போ கொடுக்கறோம், யார் கையில கொடுக்கறோங்கறதைப் பத்திப் பேசறவங்க கம்மி.

நிபந்தனையையும் பாத்துடுவோம். அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர் கருத்தடை ஆபரேஷன் பண்ணியிருக்கணும், அதுவும் 35 வயசுக்குள்ள (பின்னால இதை 40 ஆக்குனாங்க). ஆண் குழந்தை இருக்கக் கூடாது. குழந்தைக்கு மூணு வயசு முடியறதுக்குள்ள எழுதிக் கொடுக்கணும். ரெண்டு பொண்ணு இருக்கற வீடுன்னா 2001 விதிப்படி வருஷ வருமானம் 24,000 ரூபாய்க்குள்ள இருக்கணும்.

இப்போ மேல ஞாபகம் வச்சுக்கச் சொன்னதை எடுங்க. வரதட்சணையும் சின்னக் குடும்பமும் சேர்ந்து இடிச்சது காடு தோட்டம் உள்ள வீடுங்களையும்தானே? அவங்களை இந்தத் திட்டம் வருமான வரம்பு போட்டு வெளியிலயே நிறுத்திடுச்சு. அவங்களை உள்ள விட்டிருந்தாலும் 15,200க்கு மசிஞ்சிருக்க மாட்டாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேக்கற பவுனுக்கு முன்னாடி அது எம்மாத்திரம். இன்னொரு பக்கம், யாரு ஆபரேஷன் பண்ணிட்டு வந்து மனு கொடுத்தாங்க? 'ரெண்டும் பொண்ணு, போதும்'னு ஏற்கெனவே மனசைத் தேத்திக்கிட்டவங்க. பையனுக்காக இன்னும் காத்துட்டு இருக்கறவங்க வரவே மாட்டாங்க. ஆக கொல்லக் கூடியவங்களைத் தடுக்க வந்த பணம், கொல்லவே நினைக்காதவங்களுக்குப் போச்சு. இப்படித்தான் ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன். இதுக்கு மேல இந்தத் திட்டத்துல ஒண்ணும் இல்லைன்னு ஒரு பதிவே எழுதத் தயாரா இருந்தேன்.

சின்னம்மா சொன்ன வார்த்தைதான் அந்த நெனப்பை ஆட்டிடுச்சு.

பெரியவ பொறந்தது 1999, சின்னவ 2002. சித்தப்பா தறி ஓட்டறவர், சொந்தத் தறி கிடையாது, கூலிக்குத்தான். சின்னவ பொறந்த பதினாறாம் நாள்ல இருந்தே "இன்னொண்ணு பாத்துரலாம்" பேச்சு ஆரம்பிச்சுடுச்சு. மாமியார் மட்டும் இல்ல, பக்கத்து வீடு, எதுத்த வீடு, கோயில்ல பாக்கற ஆளு எல்லாரும். ஜோசியக்காரன் வேற 'மூணாவது கண்டிப்பா ஆணு'ன்னு எழுதியே கொடுத்துட்டான். சின்னம்மாவுக்கு ரெண்டாவது பிரசவத்துலயே உடம்பு உலுக்கிப் போச்சு, ரத்தம் இல்லைன்னு டாக்டரம்மா திட்டியிருக்காங்க. அப்போதான் ஊருக்கு வந்த நர்சம்மா இந்தத் திட்டத்தைச் சொல்லியிருக்காங்க. சின்னம்மா யார்கிட்டயும் பெரிசா கேக்கலை. சித்தப்பா கிட்ட மட்டும் சொல்லிட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. 2004ல பத்திரம் வந்துச்சு.

"எங்க மாமியா மூணு நாளு சோறு திங்கலை கண்ணு. நாலாம் நாளு அந்தப் பத்திரத்தைக் கொண்டுபோய் முன்னால வச்சேன். கவருமெண்டே பணம் போட்டிருக்குது, இனிமே இன்னொண்ணுன்னு பேசுனா அதைப் புடுங்கிக்குவாங்கன்னேன். அப்புறம் பேசலை. வாரவங்க போறவங்க கிட்டயெல்லாம் என்ற பேத்திக்குக் கவருமெண்டு பணம் போட்டிருக்குதுன்னு அந்தம்மாவே காட்டிட்டுத் திரிஞ்சுது."

அதாவது, ஆபரேஷன்ங்கற நிபந்தனை ஒரு பொம்பளைக்குக் கேடயமா இருந்திருக்கு. நாலு சுவத்துக்குள்ள அவங்களால சொல்ல முடியாத 'போதும்'ங்கற வார்த்தையை ஒரு அரசாங்க முத்திரை சொல்லிக் கொடுத்திருக்கு. இதுக்காக நிபந்தனை சரின்னு சொல்லிட முடியாது. ஒரு குழந்தைக்குக் கொடுக்கற காசுக்கு அம்மாவோட கர்ப்பப்பையை அடமானம் கேக்கறது எனக்கு இப்பவும் உறுத்துது. பெரும்பாலும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டது அம்மாதான், அப்பா இல்லை, அதுவும் உறுத்துது. ஆனா மூணாவது பிரசவத்துல போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய சின்னம்மா இன்னைக்கு எனக்குக் கம்பு தோசை சுட்டுப் போடறாங்க. இதை எந்தக் கட்டத்துல எழுதறது?

இனி பணத்தோட கதை. 2004ல ஒரு பவுனு ஐயாயிரத்துக்குள்ள இருந்துச்சு. 15,200க்கு மூணு பவுனு வாங்கலாம். பெரியவளோடது 2017ல முதிர்ந்து வந்தப்போ அவளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்தாங்க. அந்தக் காசு எங்க போயிருக்கும்னு நான் சொல்லணுமா? பந்தக்காரருக்கும் சமையக்காரருக்கும் போச்சு. ஹரியானாவுலயும் இதே கதைதான். அங்க முதல் செட்டுப் பொண்ணுங்க 18 தொட்டதும் ஆராய்ச்சிக்காரங்க போய்ப் பாத்தாங்க. கல்யாண வயசு ஒண்ணும் தள்ளிப் போகலை, பல வீட்டுல அது கல்யாணக் காசாத்தான் பார்க்கப்பட்டுச்சு. பின்ன, பொண்ணுக்குப் 18 ஆகற அன்னைக்குக் காசு வரும்னு சொன்னா வீட்டுல இருக்கறவங்க அதை எதுக்குன்னு நெனப்பாங்க?

சின்னவ கதை வேற மாதிரி. 2020ல பன்னெண்டாவது முடிச்சா. கொரோனாவுல தறி எல்லாம் நின்னு கிடக்கு. அவளுக்கு பி.காம் படிக்கணும். பத்திரம் முதிர்ந்துடுச்சு, அதை வச்சே ஃபீஸ் கட்டிடலாம்னு பாத்தா, பத்திரத்துல இருக்கற பேரும் பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கற பேரும் வேற வேற! குழந்தையா இருந்தப்போ வீட்டுல கூப்பிட்ட பேரைக் கொடுத்திருக்காங்க, பள்ளிக்கூடத்துல ஜாதகப் பேரு. இனிஷியலும் ஒரு எழுத்து தப்பு. ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸ், வாரிசு இல்லாத சொத்துக்கு அலையற மாதிரி அலைஞ்சாங்க. நானும் ரெண்டு தடவை கூடப் போனேன். ஒரு ஆபீசர், பேரு வேண்டாம், "இந்தப் பொண்ணுதான் அந்தப் பொண்ணுன்னு என்ன நிச்சயம்?"ன்னு கேட்டார். பொண்ணு எதுக்கத்தான் நிக்குது. சின்னம்மா கழுத்துல இருந்த சங்கிலியை அடமானம் வச்சு முதல் வருஷ ஃபீஸ் கட்டுனாங்க. பத்திரப் பணம் வந்தது 2022ல. வட்டியோட வந்ததுல அன்னைக்கு ரெண்டு பவுனுக்குக்கூட எட்டலை. சங்கிலியைத் திருப்பவும் கடைசி வருஷ ஃபீசுக்கும் சரியாப் போச்சு.

இப்போ கொஞ்சம் வேற பக்கம் போவோம், இதோட சம்பந்தம் இருக்கு. குழந்தைக்கான காசை பொறக்கறதுக்கு முன்னாடியே கொடுத்தா என்ன? அதுக்கும் தமிழ்நாட்டுல பழைய வரலாறு இருக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேருல இருக்கற மகப்பேறு உதவித் திட்டம் 1987ல வந்துச்சு. அப்போ 300 ரூபாய். கர்ப்பமா இருக்கற கூலிக்காரப் பொம்பளை கொஞ்ச நாளாவது வேலைக்குப் போகாம வீட்டுல உக்காந்து நல்லதாச் சாப்பிடணும், போன கூலிக்கு இது ஈடுங்கறது யோசனை. 2006ல கருணாநிதி அரசு அதை ஒரே தாவா 6000 ஆக்குச்சு. பிரசவத்துக்கு முன்னாடி பாதி, பின்னாடி பாதி. 2011ல ஜெயலலிதா அரசு 12,000 ஆக்கி மூணாப் பிரிச்சுது: கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தா 4000, அரசு ஆஸ்பத்திரியில பெத்தா 4000, குழந்தைக்கு மூணு தவணை ஊசி போட்டா 4000. 2018ல மத்திய அரசோட மாத்ரு வந்தனா பணத்தையும் சேர்த்து 18,000. அதுல 14,000 காசு, மிச்சம் 4000க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கற பெட்டி.

பாருங்க, 18 வருஷ தூரத்துல இருந்த காசு மாசக் கணக்குக்குக் கிட்ட வந்துடுச்சு. அப்படியும் ஏழாம் மாசம் வர வேண்டிய காசு குழந்தை உக்கார ஆரம்பிச்சப்புறம் வந்த கதைங்க எங்க ஊர்லயே இருக்கு. வயித்துல இருக்கற பிள்ளைக்கு முட்டையும் கீரையும் வாங்கச் சொன்ன காசு, அது வெளிய வந்து முட்டையை உடைச்சு விளையாடற வயசுல வருது.

முட்டைன்னதும் ஞாபகம் வருது. (நாமக்கல்காரன் முட்டை இல்லாமப் பதிவை முடிக்க மாட்டான்னு யாரோ முணுமுணுக்கறது கேக்குது.) காசு தர்றதுக்கு நேர் எதிர்ப்பக்கம் நிக்கறது சத்துணவு. 1982 ஜூலை 1ல எம்.ஜி.ஆர் ஆரம்பிச்சது. 1989ல கருணாநிதி ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு சேர்த்தார், அது ஏறி ஏறி 2010ல வாரத்துக்கு அஞ்சு முட்டை ஆச்சு. எங்க ஊர்க் கோழிப் பண்ணைக்காரங்களுக்கும் அதுல சந்தோஷம்தான், மறைக்கறதுக்கு என்ன. முட்டையில ஒரு சௌகரியம், பேரு மாறிப்போச்சு இனிஷியல் தப்புன்னு அதைத் தட்டுல வைக்காம நிறுத்த முடியாது. அன்னைக்குச் சாப்பிட்டா அன்னைக்கே முடிஞ்சுது. மாமியாரோ மாப்பிள்ளை வீட்டுக்காரனோ அதைக் கேக்க முடியாது. ஆனா முட்டையை வச்சு காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது, 'இன்னொண்ணு வேண்டாம்'னு சொல்லவும் முடியாது.

காலேஜ்னதும் இன்னொரு பேரு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறையை எதுத்து சண்டை போட்டதுல முத்துலட்சுமி ரெட்டிக்கும் இவங்களுக்கும் பங்கு உண்டு. ஒருத்தர் சட்டசபைக்குள்ள, இன்னொருத்தர் தெருவுல. ரெண்டு பேர் பேருலயும் பணத் திட்டம் வச்சிருக்கோம். மூவலூர் அம்மையார் பேருல 1989ல வந்தது திருமண உதவி. எட்டாவது வரைக்கும் படிச்ச ஏழைப் பொண்ணுக்குக் கல்யாணத்துக்கு 5000 ரூபாய். 2011ல அது 25,000, பட்டம் படிச்சிருந்தா 50,000, கூட 4 கிராம் தாலித் தங்கம். படிச்சாத்தான் பணங்கற நிபந்தனையால நெறைய பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல கூடக் கொஞ்ச வருஷம் இருந்தாங்கங்கறதை நான் மறுக்கலை. ஆனா தாலிக்குத்தானே காசு! 2022 செப்டம்பர் 5ல அதைத் திருப்பி, புதுமைப் பெண்ணுன்னு பேரு வச்சு, அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் 1000னு ஆக்குனாங்க. அவ பேருல இருக்கற அக்கவுண்டுக்கே வர்ற மாதிரி.

சின்னவளுக்கு அப்போ கடைசி வருஷம். அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுதான், அதனால அவளுக்கும் வந்துச்சு. பத்திரப் பணம் வந்தப்போ அவ ஒண்ணும் சொல்லலை, அம்மா கையில கொடுத்துட்டா. இந்த ஆயிரம் முதல் மாசம் வந்தப்போ எனக்குப் போன் பண்ணி, "அண்ணா, பஸ்ஸுக்கு இனி அப்பாகிட்ட கேக்க வேண்டாம்"னு சொன்னா. பஸ்சு பொம்பளைங்களுக்கு ஃப்ரீயாச்சேடின்னு கேட்டேன். "அந்த பஸ்சு எங்க ஊருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் வருது, தெரியாதா?"ன்னு திருப்பி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

சரி, அந்த 849 என்ன ஆச்சு? 2001ல சேலம் 851, கிட்டத்தட்ட அசையவே இல்லை. கொல்றது குறைஞ்ச இடத்துல ஸ்கேன் வந்து உக்காந்துக்கிச்சு. ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்றதைத் தடுக்கற சட்டம் 1994ல போட்டு 1996ல அமலுக்கு வந்தும், ஊருக்கு ஊரு ஸ்கேன் சென்டர் முளைச்ச காலம் அது. 2011ல சேலம் 916 ஆச்சு. அறுபத்தஞ்சு புள்ளி ஏத்தம். அதே 2011ல கடலூர் 896க்கு இறங்கிக் கிடந்துச்சு, அதனால தொட்டிலை அரியலூர், பெரம்பலூர், கடலூர்னு அங்கெல்லாம் தூக்கிட்டுப் போனாங்க. சேலத்துல ஏறுனதுக்கு பத்திரம் காரணமா, கேஸ் போட்டு ஆளுங்களை உள்ள வச்ச பயமா, வீடு வீடாப் போய் கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்த நர்சம்மாக்களா, தெருத்தெருவா ஆடிப் பாடுன கலைப் பயணக் குழுக்களா, இல்ல மகளிர் குழுவுல பேச ஆரம்பிச்ச பொம்பளைங்களா? என்னைக் கேட்டா நர்சம்மாவுக்குத்தான் முதல் மார்க் போடுவேன். பத்திரத்தைப் பத்தி சின்னம்மாவுக்குச் சொன்னதே அவங்கதானே. பத்திரத்துக்கு நடுவுல ஒரு மார்க் கொடுக்கலாம், அதுவும் பணத்துக்காக இல்லை.

பெட்டியை மறுபடி கட்டி வைக்கறப்போ சின்னம்மா அந்த ரெண்டு ஜெராக்ஸையும் எடுத்து அவங்க மாமியா போட்டோவுக்குப் பின்னாடி ஃப்ரேமுக்குள்ள சொருகிட்டாங்க. கிழவி போய் ஏழு வருஷம் ஆச்சு. "அதுகிட்டயே இருக்கட்டும்" அப்படின்னாங்க.

டிஸ்கி: உசிலம்பட்டி, தருமபுரி, எடப்பாடிப் பக்கத்து நண்பர்கள் வீட்டுலயும் இப்படிப் பத்திரம் இருக்கும். அந்தப் பணம் வந்துச்சா, வந்து என்ன ஆச்சு, யார் வாயை அடைச்சுதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. பேரு வேண்டாம், கதை போதும்.